பேதி: ஏச்சிலும் பதிவேட்டிலும் ஒரு சொல்

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு ‘பேதியில போவான்’ என்ற ஏச்சு புதிதல்ல. பாலை நக்கிவிட்டு ஓடும் பூனைக்கும் அது விழும், வாங்கிய கடனைத் திருப்பாதவருக்கும் விழும். ‘கொள்ளையில போவான்’ என்பது அதன் கூடப்பிறந்தது; கொள்ளை என்றால் இங்கே கொள்ளைநோய். எங்கள் ஆச்சி வாயில் இரண்டும் மாறி மாறி வரும். வயிற்றால் போவதைத்தான் சொல்கிறாள் என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். அந்தப் பேதி காலரா என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது.

பேதி வடமொழி வழி வந்த சொல். ‘பித்’ என்ற வேருக்குப் பிளத்தல், பிரித்தல் என்று பொருள். பேதம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். குடலை இளக்கி, உள்ளிருப்பதைப் பிரித்து வெளியே தள்ளுவது பேதி. வைத்தியத்தில் இது நல்ல சொல். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்பது சித்தர் தேரையர் சொன்ன நோயணுகா விதிகளில் ஒன்று. பேதி மாத்திரை, பேதி மருந்து என்பதெல்லாம் இந்தப் பொருளில் வருபவை. சளியும் ரத்தமுமாகப் போனால் சீதபேதி. ஆக, மருந்துக்கும் நோய்க்கும் ஒரே சொல் ஓடியது.

1817-இல் வங்காளத்து ஜெசூர் பக்கம் காலரா பெரிதாகக் கிளம்பி, அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. ஏட்டு வைத்தியத்தில் ‘விசூசிகை’ என்ற பெயர் இருந்தது, ஆனால் ஊர் வாய்க்கு அது வரவில்லை. கண்ணால் கண்டதைச் சேர்த்து ‘வாந்திபேதி’ என்றார்கள். வாந்தியும் வடமொழிச் சொல்தான். அரிசி கழுவிய கழுநீர் போலப் போகும், கண் குழி விழும், கை கால் இழுக்கும். காலையில் வயலுக்குப் போன ஆள் பொழுது சாய்வதற்குள் முடிந்துபோவதும் உண்டு. உடம்பின் நீரும் உப்பும் வற்றுவதுதான் சாவுக்குக் காரணம். பேச்சில் ‘வாந்தி’ உதிர்ந்து ‘பேதி’ மட்டும் நின்றது.

இந்தச் சொற்றொடரின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘போதல்’ இங்கே சாவைக் குறிக்கிறது. சாவுக்குக் காரணமானதன் பெயர் ‘இல்’ உருபு ஏற்று வருகிறது: அம்மையில் போனான், பிரசவத்தில் போனாள், பேதியில் போனான். ஊரின் அரசு அலுவலரான கிராம முன்சீப்பிடம் சாவைச் சொல்லப் போனவர் சொல்லியிருக்கக்கூடியதும் இதே தொடர்தான். ‘போனான்’ என்பதை ‘போவான்’ என்று மாற்றினால் ஏச்சு. ஊரே அடிக்கடி கேட்ட ஒரு சாவுச் செய்தி சாபமாக உறைந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

முன்சீப் ஏன் வருகிறார் என்றால், கிராமத்தில் பிறப்பு இறப்புக் கணக்கு அவர் கையில் இருந்தது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி மூன்றுக்கும் 1866-இலேயே முனிசிபாலிட்டி வந்துவிட்டது. குப்பை, சாக்கடை, தண்ணீர் எல்லாவற்றையும் கவனிக்க அங்கே ஓர் அமைப்பு இருந்தது. நாட்டுப்புறத்துக்கு 1884-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் ஜில்லா போர்டும் தாலுகா போர்டும்தான். ரோடும் ஆஸ்பத்திரியும் அம்மை குத்துவதும் சுகாதாரமும் அவற்றின் தலையில். பணமும் ஆளும் குறைவு, பரப்போ பெரிது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம், 1899-இல் சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் என்று சட்டங்கள் வந்தன. ஆனால் ஒரு குக்கிராமத்தில் நோய் வந்திருக்கிறது என்று மேலே தெரிய, முன்சீப் என்ன சொல் எழுதுகிறார் என்பதே முதல் படி.

இங்கேதான் பேதி என்ற சொல் உயிர் விஷயமாகிறது. அரசின் சாவுக் கணக்கில் காலராவுக்கு ஒரு கட்டம், சீதபேதிக்கும் வயிற்றுப்போக்குக்கும் வேறொரு கட்டம். வைத்தியம் படிக்காத முன்சீப், வீட்டார் சொன்னதைக் கேட்டு எழுதுவார். வெறும் ‘பேதி’ என்றால் எந்தக் கட்டம்? காலரா என்று தெரிந்தால் கிணற்றில் கிருமி கொல்லும் பர்மாங்கனேட் போட ஆள் வரலாம். வயிற்றுப்போக்கு என்று போனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஊர் தொடர்ந்து குடிக்கும்.

வீட்டார் வாய் திறக்கத் தயங்கியதும் உண்டு. ஆச்சியின் மூத்த அண்ணன் வாந்திபேதியில் இறந்தவர். ஊரையெல்லாம் அந்தச் சொல்லால் ஏசியவள், அண்ணனைப் பற்றிப் பேசும்போது ‘வயிறு சரியில்லாம தவறிட்டாரு’ என்பாள். ஒரு தடவைகூட அவள் ‘பேதி’ என்று சொல்லிக் கேட்டதில்லை.

1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. காலராவைப் பெயர் சொல்லித் தொற்றுநோய்களில் சேர்த்தது, தெரிந்தால் அறிவிக்க வேண்டும் என்றது, கெட்ட நீர்நிலையை மூட அதிகாரம் தந்தது. சந்தைக்கும் திருவிழாவுக்கும் தனி அத்தியாயமே வைத்தது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்திலும் தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்திலும் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் தேவை புரியும். தமிழ்நாட்டில் இன்றும் இந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்லலாம்? வாந்திபேதிக்கு நேரான சொல் கக்கல்கழிச்சல். அகராதியிலும் இருக்கிறது, வாய்க்கும் வருகிறது, இரண்டு அறிகுறியையும் விடாமல் சொல்கிறது. சாதாரண வயிற்றுப்போக்குக்குக் கழிச்சல் போதும். கொள்ளைநோய் என்பதைக் காலராவுக்கு ஈடாக எழுதுவது சரியல்ல. பிளேக்கும் கொள்ளைநோய்தான். மருத்துவக் குறிப்பில் காலரா என்ற பெயரையே வைத்துக்கொள்வது நல்லது. கிருமியின் பெயரோடு ஒட்டிய சொல் அது.

பழைய ஊர்க்கணக்கைப் புரட்டுபவர்களுக்கு ஒன்று. ‘பேதி’ என்று மட்டும் எழுதியிருந்தால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அதே வாரத்தில், அதே தெருவில் எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.