எழுத்து உடைந்து வந்தால் எங்கே பார்ப்பது?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பினாங்கில் ஆலய அகப்பக்க இணைப்புகள் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். ரதம் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எந்தச் சாலையை மூடுகிறார்கள், தண்ணீர்ப் பந்தல் எங்கே என்று எல்லாம் அதில்தான் இருக்கும். அதே இணைப்பை ஒருவர் திறந்தால் பக்கம் ஒழுங்காக வரும். இன்னொருவருக்குப் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். வேறொருவருக்குத் தமிழே இருக்காது, ஏதேதோ ஐரோப்பிய எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். "போனை மாத்துங்கண்ணே" என்று குழுவில் ஒரு யோசனையும் வரும். போனை மாற்றத் தேவையில்லை. பக்கம் எந்த விதமாகக் கெட்டிருக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பார்த்தால், கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குரோம், ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிக்கு வந்து சேர்வது 0 முதல் 255 வரையிலான எண்களின் நீண்ட வரிசை. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். உலாவி முதலில் அந்த எண்களை எழுத்துகளாக்குகிறது. அப்புறம் எச்டிஎம்எல் குறிகளைப் படித்து எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று பிரிக்கிறது. சிஎஸ்எஸ் கோப்பைத் தனியாக வரவழைத்து நிறம், அளவு, இடம் எல்லாவற்றையும் கணக்கிடுகிறது. பிறகு எழுத்துருவை எடுத்து எழுத்துகளைக் கோத்து, கடைசியில்தான் திரையில் வரைகிறது. எந்தக் கட்டத்தில் தவறு நடந்தாலும் அதற்கென்று ஓர் அடையாளம் திரையில் இருக்கும்.

தமிழ் படிப்பவர்களுக்கு அதிகத் தொல்லை தருவது முதல் கட்டம். 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் இதற்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் 15 எண்கள். த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. புள்ளி 224, 175, 141. தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய பகுதியில் 128 இடங்கள் இருக்கின்றன. அவற்றில் எதை எடுத்தாலும் முதல் எண் 224, இரண்டாவது எண் 174 அல்லது 175. மூன்றாவது எண்தான் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது.

இந்த எண்களை உலாவி யூடிஎஃப்-8 என்று அறிந்து படித்தால் தமிழ் வரும். அப்படி யாரும் சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக விண்டோஸில் வைத்திருந்த 1252 என்ற பழைய அட்டவணையை வைத்துத்தான் பெரும்பாலும் படிக்கும். அதில் ஓர் எண்ணுக்கு ஓர் எழுத்து. 224 என்றால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'. 174 என்றால் வணிகப் பெயர்களுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் நிற்கும் 'ஆர்'. அதனால்தான் கோட்டுத் தலை 'ஏ', வட்ட 'ஆர்' என்ற ஜோடி திரும்பத் திரும்ப வந்து பக்கத்தை நிரப்புகிறது. இந்த ஜோடியைப் பார்த்தால் நிம்மதியாக இருங்கள். உள்ளே இருப்பது நல்ல தமிழ்தான். ஒரு பைட்டும் தொலையவில்லை, படித்த அட்டவணைதான் தவறு.

பக்கத்தை நடத்துபவர் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. பக்கத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் அதை அனுப்பும்போது, எழுத்துக் குறியாக்கம் (யூடிஎஃப்-8 போன்றது) என்ன என்று முன்னால் ஒரு குறிப்பை அனுப்பலாம். பக்கத்துக்குள்ளும் மெட்டா என்ற எச்டிஎம்எல் குறியில் அதை எழுதலாம். இரண்டும் முரண்பட்டால் சர்வர் சொல்வதே எடுபடும். பக்கத்துக்குள் சரியாக எழுதியும் எழுத்து உடைந்தால் சர்வர் அமைப்பைப் பாருங்கள். அந்த மெட்டா குறி பக்கத்தின் முதல் 1,024 பைட்டுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பதும் விதி. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வீதம் போனால் 341 குறிகளிலேயே அந்த இடம் தீர்ந்துவிடும். நீளமான தமிழ்த் தலைப்பையும் விளக்கத்தையும் மேலே எழுதிவிட்டு இதைக் கீழே தள்ளிவிடாதீர்கள், இதுவே முதல் வரியாக இருக்கட்டும்.

"என் கணினியில சரியாத்தானே தெரியுது" என்று நடத்துபவர் சொல்வதும் பொய்யாக இருக்காது. சொந்தக் கணினியில் உள்ள கோப்பைத் திறக்கும்போது குரோமும் ஃபயர்பாக்ஸும் கோப்பைப் பார்த்து யூடிஎஃப்-8 என்று ஊகித்துவிடும். இணையத்தில் பக்கம் துண்டு துண்டாக வருவதால் அந்த ஊகத்தைச் செய்வதில்லை. வாசகராக இருந்தால் ஃபயர்பாக்ஸில் திறந்து பாருங்கள். எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்யும் வசதி அதன் காட்சிப் பட்டியலில் 2021 முதல் இருக்கிறது. குரோமில் அப்படி ஒன்று இல்லை.

எழுத்துக்குப் பதிலாக வெறும் சதுரப் பெட்டிகள் வந்தால் கதை வேறு. உலாவி எண்ணைச் சரியாகப் படித்துவிட்டது, வரைய எழுத்துரு இல்லை. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே லதா எழுத்துரு கூடவே வருவதால் சாதாரணத் தமிழுக்கு இந்தச் சிக்கல் இப்போது அரிது. 2019-இல் யூனிகோடு 12-இல் சேர்ந்த முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு மட்டும் இன்னும் பெட்டி வரலாம். கொம்பும் காலும் இடம் மாறி, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு நின்றால், அது எழுத்தைக் கோக்கும் கட்டத்தின் தவறு. 'கொ' சேமிப்பில் க முதலில், ஒகரக் குறி பிறகு. திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இரு பக்கமும் நிற்க வேண்டும். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் இந்த வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. அப்படியும் உடைந்து தெரிந்தால் அந்த வரியை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் படம். தமிழைக் கோக்கத் தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் யாரோ செய்து ஏற்றியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பொது அறிவிப்புகளில் கொம்பு உடைந்த தமிழைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறதே, அதற்கும் பல நேரம் இதே காரணம்தான்.

தமிழ் சரியாக வந்து அமைப்பு மட்டும் கலைந்திருந்தால் சிஎஸ்எஸ் பக்கம் திரும்ப வேண்டும். நிறமே இல்லாமல் எல்லாம் இடது ஓரத்தில் கொட்டிக் கிடந்தால் அந்தக் கோப்பு வந்தே சேரவில்லை. அரைகுறையாக இருந்தால் பெரும்பாலும் பழைய கோப்பு. ஒருமுறை வாங்கிய கோப்பை உலாவி கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். எத்தனை நொடி வைத்திருக்கலாம் என்று சர்வரே சொல்லும். 86,400 என்றால் ஒரு நாள், 31,536,000 என்றால் ஓர் ஆண்டு. திருவிழாவுக்காகப் பக்கத்தைப் புதுப்பித்து, சிஎஸ்எஸ் கோப்பை அதே பெயரில் மாற்றி ஏற்றினால், ஏற்கெனவே வந்துபோனவர்களின் கருவியில் புதிய பக்கமும் பழைய அலங்காரமும் சேர்ந்துவிடும். முதல்முறை வருபவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

"தம்பி, எனக்கு இன்னும் பழசுதான் காட்டுது" என்று ஆலயத் தலைவர் அழைத்தால் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லலாம். கேஷை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி வாங்கும். அது அவர் ஒருவருக்குத்தான் தீர்வு. சிஎஸ்எஸ் கோப்பின் பெயரோடு ஒரு பதிப்பு எண்ணைச் சேர்த்து அழைத்தால், உலாவி அதை வேறு கோப்பு என்று எண்ணிப் புதிதாக வாங்கும். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும்.

கைப்பேசியில் அந்த விசைகள் இல்லை, மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் திறந்தாலே போதும். கணினியிலும் இது நல்ல சோதனை, ஏனென்றால் அங்கே பழைய கேஷும் இல்லை, உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளும் பெரும்பாலும் இயங்காது. அங்கே சரியாக வந்தால் கோளாறு உங்கள் கருவியில்தான். விளம்பரத் தடுப்பான்கள் 'பேனர்', 'ஸ்பான்சர்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட பகுதிகளை மறைத்துவிடுவதுண்டு, உபயதாரர் பட்டியல் காணாமல் போவது அப்படித்தான். மறைநிலையிலும் கெட்டே வந்தால் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். சிவப்பில் 404 என்று நிற்கும் கோப்புதான் கிடைக்காத கோப்பு.

இவை எதற்கும் மசியாத பக்கங்களும் இருக்கின்றன. ஐரோப்பிய எழுத்துகள்தாம், ஆனால் அந்த 'ஏ', 'ஆர்' ஜோடி இல்லை, எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன. அது யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழாக இருக்கலாம். 90களில் கோலாலம்பூரில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைக் கொண்டு தட்டச்சு செய்த காலம் அது. திஸ்கி ஒரு பக்கம், 1999-இல் தமிழ்நாட்டில் வந்த டேப் ஒரு பக்கம் என்று குறியாக்கங்கள் பல இருந்தன. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் இதுதான் நிலை. திஸ்கியில் ஒரு பைட்டே ஒரு தமிழ் எழுத்து அல்லது குறி, கொம்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டது. யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் அது இன்னும் மோசமாகும். திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி வேண்டும்.

சங்க மலர்கள், தமிழ்ப்பள்ளி வரலாறுகள், நினைவஞ்சலிகள் என்று மலேசியத் தமிழர் அந்தக் காலத்தில் கணினியில் ஏற்றியவை கெட்டுப்போனதாக எண்ணி அழிக்கப்படுவது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்தக் கோப்பை எழுதுசெயலியில் திறந்து, தெரிகிற ஐரோப்பிய எழுத்துகளோடு யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தும் விடாதீர்கள். அப்படிச் செய்தால் தவறாகப் படித்ததே அசலாகப் பதிந்து, இரண்டு அடுக்கைப் பிரிக்க வேண்டியதாகிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அந்த நகலைக் கருவியில் கொடுங்கள். முதலில் திஸ்கி என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் டேப்.