பைட்டுகள் ஒன்றுதான், பத்திரம் யார் பெயரில்?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஐ32 வகை முழு எண் ஒன்றை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் இரண்டையுமே பயன்படுத்த முடிகிறது. எழுத்துகளை வைத்திருக்கும் ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் பழைய மாறியைத் தொட விடமாட்டேன் என்கிறது. எண்ணைக் காப்பி செய்கிறது, ஸ்ட்ரிங்கை நகர்த்துகிறது என்கிறார்கள். நகர்த்தும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?"

காப்பி செய்யும்போது நடப்பதேதான் நடக்கிறது! நம்பச் சிரமமாக இருக்கும். இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்.

லெட் ஊர் = ஸ்ட்ரிங்::ஃப்ரம்("மதுரை");
லெட் பிறந்த_ஊர் = ஊர்;
பிரின்ட்எல்என்!("{}", ஊர்);

(கட்டளைச் சொற்களைக் கம்பைலருக்கு, அதாவது நாம் எழுதுவதைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருளுக்கு, ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும். ஆனால் ஊர், பிறந்த_ஊர் என்று மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைப்பது விளையாட்டு இல்லை. 2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து ரஸ்ட் அதை ஏற்கிறது.)

64 பிட் கணினியில் 'ஊர்' என்ற மாறி ஸ்டாக்கில் (ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் இருக்கும் மெமரி) 24 பைட் இடம் பிடிக்கும். எட்டு எட்டு பைட்டாக மூன்று எண்கள்: எழுத்துகள் இருக்கும் முகவரி, ஒதுக்கிய இடம், நிரம்பிய நீளம். எழுத்துகள் இருப்பது ஹீப்பில், அதாவது வேண்டும்போது கேட்டு வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் மெமரியில். 'மதுரை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். நீளத்தைக் கேட்டால் ரஸ்ட் 15 என்றுதான் சொல்லும்.

இரண்டாவது வரியில் அந்த 24 பைட்டும் அப்படியே பிறந்த_ஊர் இருக்கும் இடத்தில் நகலாகின்றன. ஹீப்பில் உள்ள 15 பைட்டை யாரும் தொடுவதில்லை. பழைய 24 பைட்டையும் யாரும் அழிப்பதில்லை, அவை இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. ஐ32 எண்ணாக இருந்தால் 24-க்குப் பதில் 4 பைட் நகலாகும், அவ்வளவுதான். வித்தியாசம் முழுக்கக் கம்பைலரின் பதிவேட்டில்.

ஸ்ட்ரிங்கின் 24 பைட்டை வீட்டுப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹீப்பில் இருக்கும் 15 பைட்தான் வீடு. பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்தால் வீடு இரண்டாகாது. ஆனால் அந்த ஜெராக்ஸும் மூலப்பத்திரம் மாதிரியே செல்லும் என்றால்? ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் செய்த கதைதான். மாறியின் ஆயுள் முடியும் இடத்தில், அதாவது அடைப்புக்குறி மூடும் இடத்தில், ஸ்ட்ரிங் தன் ஹீப் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த வேலைக்கு டிராப் என்று பெயர். மாறிகள் அறிவித்ததற்குத் தலைகீழ் வரிசையில் டிராப் ஆகும். இரண்டு பத்திரமும் செல்லும் என்றால், முதலில் பிறந்த_ஊர் 15 பைட்டை விடுவிக்கும். அடுத்து ஊர் அதே முகவரியை மறுபடி விடுவிக்கும். நல்ல காலம் இருந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் இடைப்பட்ட நேரத்தில் வேறொரு தரவு அந்த இடத்தில் குடிவந்திருக்கும், இப்போது அதன் காலடி மண் பறிபோகும். சி மொழியில் எழுதிய புரோகிராம்களில் ஊடுருவுகிறவர்கள் தேடும் ஓட்டைகளில் இதுவும் ஒன்று.

அதனால்தான் மூன்றாவது வரியில் கம்பைலர் ஈ0382 என்ற பிழையோடு நிறுத்துகிறது: ஸ்ட்ரிங் காப்பி வகை அல்ல, மதிப்பு இரண்டாவது வரியிலேயே கைமாறிவிட்டது என்று இடம் சுட்டிச் சொல்லும். ஐ32-க்கு ஹீப்பும் இல்லை, டிராப்பும் இல்லை. நாலு பைட்தான் மொத்தச் சொத்து, எத்தனை நகல் எடுத்தாலும் வழக்கு வராது. பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி நாமே உருவாக்கும் ஸ்ட்ரக்ட் என்ற வகைக்கும் இதே கணக்குதான். டிராப் எழுதிய வகைக்குக் காப்பி கேட்டால் ஈ0184. உள்ளே ஒரு ஸ்ட்ரிங் இருக்கும்போது காப்பி கேட்டால் ஈ0204.

இனி உண்மையிலேயே அழகான இடம். இப்படி ஒரு புரோகிராம்: மழை பெய்தால் மட்டும் ஊரை இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பு, இல்லையென்றால் சும்மா இரு. ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலும் கைமாற்றம்தான். இப்போது கடைசி அடைப்புக்குறியில் ஊரை டிராப் செய்ய வேண்டுமா, வேண்டாமா? கம்பைல் செய்யும்போது இதற்குப் பதில் கிடையாது. மழை பெய்ததா என்பது ஓடும்போதுதான் தெரியும். ரஸ்ட் இதற்காக ஸ்டாக்கில் சத்தமில்லாமல் ஒரு குட்டிக் கொடியை நட்டு வைக்கிறது, டிராப் ஃபிளாக் என்று பெயர். மாறி உருவானதும் கொடி ஏறும். கைமாறினால் இறங்கும். முடிவில் கொடி பறந்தால் டிராப் நடக்கும், இல்லையென்றால் தாண்டிப் போகும். கைமாறியதா இல்லையா என்று முன்கூட்டியே தெரிகிற இடங்களில் கொடியே தேவையில்லை. மேலே பார்த்த இரண்டு வரியில் ஊருக்கான டிராப் கட்டளையைக் கம்பைலர் எழுதவே எழுதாது.

இதே சிக்கலை சி++ வேறு மாதிரி தீர்த்தது. அங்கே கைமாறிய பொருளுக்கும் டெஸ்ட்ரக்டர் (ரஸ்டின் டிராப் மாதிரி) ஓடியே தீரும். ஆகவே நகர்த்தும் ஃபங்ஷனை எழுதுகிறவர் பழைய பாயின்டரை, அதாவது அதில் உள்ள முகவரியை, வெறுமையாக்கிவிட்டுத்தான் போக வேண்டும். மறந்தால் மறுபடி இரட்டை விடுவிப்புதான். 2011-இல் இந்த ஏற்பாடு வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். 1998 தரத்தில் ஆட்டோ_பிடிஆர் என்று ஒன்று இருந்தது. பார்க்கக் காப்பி மாதிரி இருக்கும், செய்வது திருட்டு. நகல் எடுத்தால் மூலம் காலியாகும்! அதை வரிசைப்படுத்தும் ஃபங்ஷனுக்குள் விட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2017-இல் தரத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

ரஸ்ட் எழுதுகிறவர்களிடமும் மூடநம்பிக்கைகள் உண்டு. மூவ் (நகர்த்தல்) என்றால் செலவே இல்லை என்பது ஒன்று. ஸ்ட்ரிங்குக்கு 24 பைட் என்பதால் அது சரி. ஆனால் 10,48,576 பைட் கொண்ட அரேயை உள்ளே வைத்த ஸ்ட்ரக்டை நகர்த்தினால் ஒரு எம்பி முழுவதும் நகலாகலாம். கம்பைலரில் வேகம் கூட்டும் பகுதியான ஆப்டிமைசர் பல நேரம் காப்பாற்றும், பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் அதை நம்ப முடியாது. ரஸ்டில் இணையாக ஓடப் புதிதாகக் கிளப்பும் த்ரெட்டுக்கு வழக்கமான ஸ்டாக் 2 எம்பி. அப்படி இரண்டை ஒரே நேரத்தில் வைத்தாலே ஸ்டாக் வழிந்துவிடும். பாக்ஸ் என்ற உறையில் போட்டு ஹீப்புக்கு அனுப்பிவிட்டால் கைமாறுவது 8 பைட் முகவரி மட்டுமே.

இன்னொன்று குளோன் பரிகாரம். எங்கே ஈ0382 வந்தாலும் .குளோன்() போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவது. குளோன் என்றால் பக்கத்து மனையில் இன்னொரு வீடு கட்டுவது: ஹீப்பில் புதிய இடம், 15 பைட்டும் நகல். ஆயிரம் தடவை சுற்றும் லூப்புக்குள் ஆயிரம் வீடு. பெரும்பாலான இடங்களில் & போட்டு இரவல் கொடுத்தாலே போதும். ஃபார் லூப்பில் வெக்டரின் (நீளக்கூடிய பட்டியல்) பெயரை மட்டும் எழுதினால் வெக்டரே கைமாறிவிடும், முன்னால் ஒரு & சேர்த்தால் பிறகும் அது நம்மிடமே இருக்கும். (ஒரே மதிப்பைப் பலர் பங்கிட, எத்தனை பேர் என்று எண்ணிவைக்கும் ஆர்சி போன்றவை விதிவிலக்கு. ஆர்சியைக் குளோன் செய்தால் எண்ணிக்கை ஒன்று கூடும், வீடு அதேதான்.)

வெக்டருக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்கைப் பிடுங்க முயன்றால் ஈ0507 வரும், நடுவில் ஓட்டை விட ரஸ்ட் சம்மதிக்காது. அங்கே மெம்::டேக் என்ற ஃபங்ஷன் கைகொடுக்கும். உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு ஒரு வெற்று ஸ்ட்ரிங்கை வைத்துவிட்டு வரும். வெற்று ஸ்ட்ரிங் ஹீப்பில் எதையும் ஒதுக்காது.

ஒரு பொருளை ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்தது என்ற இந்த யோசனைக்கு வேர் கணினிக் கடையில் இல்லை. 1987-இல் ழான்-ஈவ் ஜிரார் என்ற பிரெஞ்சுத் தர்க்கவியலாளர் வகுத்த லீனியர் லாஜிக்கில் இருக்கிறது. வழக்கமான தர்க்கத்தில் ஓர் உண்மையை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்தாளலாம். அவர் அந்தச் சலுகையை ரத்து செய்துவிட்டு, எதற்கெல்லாம் திருப்பித் தரலாம் என்று பார்த்தார். காப்பி வகை என்பது ஏறக்குறைய அந்தச் சலுகை திரும்பக் கிடைத்த வகைதான். ரஸ்ட் 1.0 வந்தது 2015 மே மாதம், 28 ஆண்டு கழித்து. 'இதனால் தொழிலுக்கு உடனடிப் பயன் என்ன' என்று நிதி விண்ணப்பத்தில் கட்டம் போட்டுக் கேட்கிறவர்கள் 1987-இல் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்க முடியும் என்று யோசிக்கலாம்.

வாசகர் அடுத்து மாட்டப்போகும் பிழையையும் சொல்லிவிடுகிறேன்: ஈ0505. & போட்டு வாங்கிய இரவல் இன்னும் நிலுவையில் இருக்கும்போது மூலத்தைக் கைமாற்றப் பார்த்தால் வரும். பத்திரப் பதிவில் இதற்கு வில்லங்கம் என்று பெயர். இரவலைக் கடைசியாகப் பயன்படுத்தும் வரியை கைமாற்றத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.