டெலிட் செய்த மெயில் எங்கே போகிறது, எத்தனை நாள் இருக்கும்?

சிறு நிறுவனங்களுக்கு மெயில் அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். "சார், முக்கியமான ஒரு மெயிலைக் காணோம்" என்று போன் வந்தால் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பேன். எப்போது காணாமல் போனது? எதில் மெயில் பார்க்கிறீர்கள்? இரண்டாவது கேள்வி பலருக்கு எரிச்சலாக இருக்கும். எதில் பார்த்தால் என்ன, மெயில் மெயில்தானே என்பார்கள். ஆனால் அந்த மெயில் திரும்பக் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. டெலிட் பட்டன் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதை அழுத்திய பிறகு நடப்பதுதான் இடத்துக்கு இடம் வேறு.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கே மூத்த உதவியாளர் ஒருவர், பதில் அனுப்பி முடித்த மெயில்களை டெலிட் செய்து, அவுட்லுக்கின் 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டரிலேயே பத்திரப்படுத்தி வந்தார். அதற்குள் ஒவ்வொரு கட்சிக்காரர் பெயரிலும் துணை ஃபோல்டர் வேறு. இப்படிச் செய்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒரே பட்டனில் இன்பாக்ஸ் சுத்தமாகிவிடுகிறதே! ஒருநாள் வேறு யாரோ, அவுட்லுக்கை மூடும்போது டெலிட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்யச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டார்கள். மாலையில் அவுட்லுக்கை மூடினார்கள், எல்லாம் போயிற்று.

அவர்கள் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்தியதால் தப்பித்தார்கள். அதில் டெலிட்டட் ஐட்டம்ஸிலிருந்து போன மெயிலும் சர்வரில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் 14 நாள் இருக்கும். நிர்வாகி விரும்பினால் 30 நாள் வரை நீட்டிக்கலாம். டெலிட்டட் ஐட்டம்ஸ் ஃபோல்டருக்குப் போய், 'ரெகவர் டெலிட்டட் ஐட்டம்ஸ்' என்பதைத் திறந்து மீட்டோம். மெயில்கள் வந்தன, ஃபோல்டர் பிரிப்பு வரவில்லை. எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்ததைப் பிரிப்பதற்கு அவருக்குப் பல நாள் ஆனது. ஷிஃப்ட் பட்டனோடு டெலிட் அழுத்துபவர்களுக்கும் இந்தச் சேவையில் அதே 14 நாள் கதவு திறந்திருக்கும். வெப்சைட்டுக்கு இடம் தரும் நிறுவனம் அதோடு சேர்த்துத் தரும் சாதாரண ஹோஸ்டிங் மெயிலில் அப்படி எந்தக் கதவும் இருக்காது. ஹோஸ்டிங்காரரிடம் பேக்கப் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஜிமெயிலில் ட்ராஷுக்குப் போன மெயில் 30 நாளில் தானாக அழியும். யாஹூவில் 7 நாள்தான். காசு கட்டி நிறுவனத்துக்காக வாங்கிய கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்றால், ட்ராஷிலிருந்தும் அழிந்த பிறகு 25 நாள் வரை நிர்வாகியால் மீட்க முடியும். அதனால் நாள் கணக்கு முக்கியம். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டுக் கூப்பிடுபவர்களுக்குத்தான் என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.

ஜிமெயிலில் இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து டெலிட் செய்தால், அந்த உரையாடலில் உள்ள எல்லா மெயிலும் சேர்ந்தே போகும். கடைசியாக வந்த "நன்றி" மெயிலை அழிப்பதாக நினைத்து, நடுவில் இருந்த விலைப்பட்டியலையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் அனுப்பிவிடுகிறார்கள். உரையாடலைத் திறந்து, குறிப்பிட்ட மெயிலின் மூன்று புள்ளிக்குள் போய் அதை மட்டும் அழிக்கலாம். தேடும்போதும் சிக்கல் உண்டு. ஜிமெயிலின் சாதாரணத் தேடல் ட்ராஷையும் ஸ்பேமையும் பார்க்காது. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள அடையாளத்தை அழுத்தி, 'மெயில் அண்ட் ஸ்பேம் அண்ட் ட்ராஷ்' என்று மாற்றிவிட்டுத் தேடுங்கள். காணாமல் போனதாகச் சொல்லப்படும் மெயில்கள் பல, அழியாமல் அங்கேயே இருக்கும்.

சொந்த டொமைனில் ஹோஸ்டிங் மெயில் வைத்திருப்பவர்களின் பிரச்சினை வேறு வகை. அங்கே பெரும்பாலும் ஐமேப் முறை, அதாவது மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாச் சாதனங்களிலும் பார்ப்பதற்கான விதிமுறை. அந்த விதிமுறையில் ஆரம்பத்திலிருந்தே அழிப்பது இரண்டு படி: மெயிலின் மேல் 'அழிக்க வேண்டியது' என்று குறி போடுவது ஒன்று, குறி போட்டதை நிஜமாக நீக்குவது இன்னொன்று. ட்ராஷ் என்பது மெயில் மென்பொருள் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட ஃபோல்டர். மெயிலை அங்கே ஒரு நகல் எடுத்துவிட்டு, இன்பாக்ஸில் இருப்பதில் குறி போடும். மெயிலை நேரடியாக நகர்த்தும் கட்டளை 2013இல்தான் தனி விரிவாக்கமாக வந்தது. ட்ராஷ் ஃபோல்டர் எது என்று சர்வரே அறிவிக்கும் முறையும் 2011இல்தான் வரையறுக்கப்பட்டது. இன்றும் எல்லா அமைப்புகளும் ஒத்துப்போவதில்லை. ப்ரௌசரில் திறக்கும் வெப்மெயில் 'ட்ராஷ்' என்று ஒன்று வைத்திருக்கும், அவுட்லுக் 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' என்று ஒன்று, ஐபோன் 'டெலிட்டட் மெசேஜஸ்' என்று ஒன்று. ஒரே கணக்கில் மூன்று குப்பை ஃபோல்டர்! வெப்மெயிலில் ட்ராஷைக் காலி செய்தவர், மற்ற இரண்டும் நிரம்பிக் கிடப்பதை அறியாமலே இருப்பார்.

இதன் விளைவு ஒருநாள் தெரியும். மெயில் பெட்டி நிறைந்து, வாடிக்கையாளர் அனுப்பும் மெயில் அவருக்கே திரும்பிப் போகும். சரி, பழையதை அழிப்போம் என்று டெலிட் செய்தால் அழியவும் மறுக்கும். ட்ராஷில் நகல் எடுக்கவே இடம் இல்லாததுதான் காரணம். இந்த நிலையில் முதலில் குப்பை ஃபோல்டர்கள் அத்தனையையும் காலி செய்யுங்கள். காலி செய்யும் முன் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஆடிட்டர் அலுவலகத்து உதவியாளரைப் போன்றவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

கணினியில் மெயில் பார்க்கும் மென்பொருளான தண்டர்பேர்ட் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. அதன் வழக்கமான அமைப்பில், கணினியில் ஒரு ஃபோல்டரின் மெயில்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். மெயிலை அழித்தாலும் 'காம்பாக்ட்' செய்யும் வரை, அதாவது அழித்ததை நீக்கிக் கோப்பைச் சுருக்கும் வரை, அந்த எழுத்துகள் கோப்பைவிட்டுப் போகாது. தவறுதலாக அழித்திருந்தால் காம்பாக்ட் செய்யாதீர்கள், கேட்டாலும் மறுத்துவிடுங்கள். தண்டர்பேர்டை மூடி, அந்தக் கோப்பை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. பழைய கணினியை விற்பவர்கள் இதையே மறுபக்கமாக நினைவில் வைக்க வேண்டும்: நீங்கள் அழித்த மெயிலை வாங்குபவரும் மீட்கலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். நீங்கள் அழிக்காத மெயில் ட்ராஷில் கிடந்தால் அலட்சியமாக விடாதீர்கள். கணக்குக்குள் புகுந்த மோசடிக்காரர்கள் பலர் செய்யும் வேலை, மெயில் பெட்டியில் ஒரு ரூல் எழுதி வைப்பது. உங்கள் சப்ளையரிடமிருந்து வரும் மெயிலோ, பேங்க் அல்லது இன்வாய்ஸ் என்ற சொல் உள்ள மெயிலோ வந்தவுடன் அது நேராக டெலிட்டட் ஐட்டம்ஸுக்கோ, இணையதளச் செய்திகளைப் பெறுவதற்காக அவுட்லுக்கில் உள்ள, யாரும் எட்டிப் பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்கோ போய்விடும். உங்கள் கண்ணில் எதுவும் படாது. நடுவில் அவர்கள் உங்கள் பெயரில் பதில் எழுதி, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாகச் சொல்லிப் பணத்தைத் திருப்பிவிடுவார்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது ட்ராஷைத் திறந்து பாருங்கள், ஒரு நிமிட வேலைதான். சந்தேகம் வந்தால் வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு ரூல்ஸ், ஃபில்டர், ஃபார்வர்டிங் மூன்றையும் திறந்து, நீங்கள் எழுதாததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு நீக்குங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் அந்த ரூல் போகாது. பணம் ஏற்கெனவே போயிருந்தால் எனக்குப் போன் செய்வதற்கு முன் உங்கள் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் செய்யுங்கள்.