மூக்கால் உள்ளே, வாயால் வெளியே

“மே மாதம் மதுரையிலிருந்து சென்னைக்குக் காரில் கிளம்புகிறோம். நாயையும் கூட்டிப்போக வேண்டும். போன தடவை விழுப்புரம் தாண்டும்வரை நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டே வந்தது. தண்ணீர் காட்டினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெறி பிடிக்கும் அறிகுறி என்கிறார் மாமியார். உடம்பு முடியை மொட்டையடித்துவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் பேச்சைக் கேட்பது?” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். வெறிநோய் கண்ட நாய்க்குக் குணம் மாறும், விழுங்க முடியாமல் எச்சில் வடியும், தாடை செயலிழந்து தொங்கும். நிழலில் படுத்துச் சற்று நேரத்தில் வாயை மூடிக்கொள்கிற நாய்க்கு இருப்பது வெறும் சூடு. தடுப்பூசியைத் தவறாமல் போட்டு அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டால் மாமியாருக்கும் நிம்மதி. (வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் கட்டினால் நாய் அண்டாது என்று உறுதியாக நம்பும் தெருவில்தான் நான் குடியிருக்கிறேன். அந்தப் பாட்டில்மேலேயே காலைத் தூக்கும் நாய்களை அன்றாடம் பார்க்கிறேன். நம்பிக்கை மட்டும் அசைந்தபாடில்லை.) மொட்டையும் வேண்டாம். நாட்டு நாய்களுக்கு மழிக்கும் அளவுக்கு முடியே கிடையாது. ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு முடிக்காரர்களுக்கு மேல்முடி வெயிலைத் தடுக்கும் கூரை. உதிர்ந்து சிக்கியிருக்கும் உள்முடியைச் சீவி எடுத்தால் போதும்.

இனி இரைப்புக்கு வருவோம். நாயின் உடம்பில் நான் மிகவும் ரசிக்கிற ஏற்பாடு அதுதான்.

நமக்கு உடம்பெங்கும் வியர்க்கிறது. நாய்க்கு அந்த வகை வியர்வைச் சுரப்பிகள் உள்ளங்கால்களில்தான் உண்டு. அதை வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூட இயற்பியல் நாய்க்கும் பொருந்தும்: நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். உடல் சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 10 கிலோ எடையுள்ள நாயின் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் இறங்க, சுமார் 15 கிராம் நீர் ஆவியாக வேண்டும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர், அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து ஆவியாகிறது? நாக்கிலிருந்து என்றுதான் எல்லோரும் சொல்வோம், கண்ணில் படுவது அதுதானே. நாக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் முக்கிய வேலை நடப்பது மூக்கினுள்ளே. நீண்ட மூஞ்சிக்குள் காகிதம்போல் மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாகச் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின்மேல் ஈரமான சவ்வு. அதனடியில் அடர்ந்த இரத்தக் குழாய்கள். மூக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு சுரப்பி இருந்து, சூடு ஏற ஏற அதிகமாக நீரைச் சுரந்து இந்தப் பரப்பை நனைக்கிறது. இரைக்கும்போது ஆவியாகும் நீரில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இந்தச் சுரப்பிகளே தரக்கூடும் என்று 1972-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஒரு சிக்கல் உண்டு. மூக்கால் இழுத்து மூக்காலேயே விட்டால், உள்ளே போகும்போது காற்று சவ்விலிருந்து நீரையும் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும், சவ்வு குளிர்ந்துவிடும். திரும்பி வரும்போது அதே காற்று குளிர்ந்த சவ்வின்மேல் பட்டு, எடுத்ததில் கணிசமான பகுதியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகும். நீரைச் சேமிக்க இது அருமையான வழி. சூட்டைத் துரத்த உதவாது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஒட்டகத்தின் மூக்கையும் விட்டுவைக்காமல் ஆராய்ந்த உடலியலாளர் நூட் ஷ்மிட்–நீல்சனும் அவருடைய சகாக்களும், இரைக்கும் நாய்களில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அளந்து 1970-ல் வெளியிட்டார்கள். நாய் மூக்கால் இழுக்கிறது, பெரும்பகுதியை வாயால் விடுகிறது. காற்று சுருள்களின் வழியே ஒரே திசையில் ஓடுகிறது. வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்க வாய்ப்பே இல்லாமல் வாய்வழியே வெளியேறிவிடுகிறது. எவ்வளவு சூடு குறைய வேண்டுமோ அதற்கேற்ப வாயால் விடும் பங்கைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது நாய். தெரு முனையில் படுத்திருக்கும் நாயின் தலைக்குள் இப்படி ஒரு வால்வு!

அடுத்தது இதைவிட அழகு. சும்மா இருக்கும் நாய் நிமிடத்துக்கு 30, 40 தடவை மூச்சு விடும். இரைக்கத் தொடங்கியதும் எண்ணிக்கை படிப்படியாக ஏறுவதில்லை. ஒரே தாவலில் 300-ஐத் தாண்டுகிறது. இடைப்பட்ட வேகம் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. விநாடிக்கு ஐந்து தடவைக்குமேல் நெஞ்சுத் தசைகளை இயக்கினால் அந்தத் தசைகளே சூட்டை உண்டாக்குமே, குளிர்விப்பதற்கு மேல் கொதிப்பாகிவிடாதா? இதற்கு விடை 1962-ல் கிடைத்தது. ஊஞ்சலுக்கு அதற்கென்று ஒரு தாளம் இருக்கிறது; அந்தத் தாளத்தில் விரலால் தொட்டாலே போதும், தாளம் தப்பினால் முழுக்கையால் தள்ள வேண்டும். நாயின் மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் அப்படி ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. அது விநாடிக்கு ஐந்தும் சில்லறையும். நாய் இரைப்பதும் மிகச் சரியாக அதே வேகத்தில்தான். விரிந்து சுருங்கும் வேலையைப் பெரும்பாலும் மீள்தன்மையே பார்த்துக்கொள்கிறது; தசை சற்றே தொட்டுக் கொடுத்தால் போதும்.

ஆகவே மிதமான சூட்டுக்கு மெதுவாக இரைப்பது என்ற பேச்சே நாயிடம் இல்லை. சற்று இரைக்கும், நிறுத்தும், மறுபடி இரைக்கும். திண்ணையில் படுத்திருக்கும் நாயைக் கவனித்துப் பாருங்கள். கேட் சத்தம் கேட்டால் ‘டப்’ என்று வாயை மூடி, காதை நிமிர்த்தும். பால்காரர்தான் என்று தெரிந்ததும் விட்ட இடத்தில் அதே வேகத்தில் தொடங்கும். அந்த மூச்சு ஆழமில்லாதது. பெரும்பாலும் மூக்கு, வாய், தொண்டைக் குழாய்க்குள்ளேயே போய்வருகிறது. அதனால் நுரையீரலின் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை ஏறிவிடாமல் பெரும்பாலும் தப்பிக்கிறது. மூக்கில் குளிர்ந்த இரத்தமோ மூளையின் அடிப்பகுதி வழியாகத் திரும்பி, மேலே ஏறும் சூடான இரத்தத்தைக் குளிர்விக்கிறது. ஓடும் நாயின் உடல் கொதித்தாலும் மூளை சற்றே குளிர்ச்சியாக இருப்பது இதனால்தான்.

இவ்வளவும் நடக்க வாய் திறக்க வேண்டும், உள்ளே போகும் காற்றில் ஈரத்துக்கு இடம் இருக்க வேண்டும். மதுரையின் மே மாத நண்பகல்: 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 11 கிராம் நீராவி இருக்கும். நாயின் வாயிலிருந்து வெளிவரும் காற்று உடல் சூட்டில் முழு ஈரத்தோடு வருவதால் சுமார் 46 கிராம் சுமக்கும். கூடுதலாகக் கொண்டுபோவது 35 கிராம். சென்னைக் கடற்கரைப் பக்கம், மாலை 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்: காற்றிலேயே 27 கிராம் இருக்கிறது. கூடுதலாகக் கொண்டுபோக முடிவது 19 மட்டும். வெயில் தாழ்ந்துவிட்டது என்று நம்பி மாலை ஐந்து மணிக்கு நாயைப் பந்து விரட்டச் சொல்லும் சென்னைவாசிகள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் குளிர்ச்சி மதுரை நண்பகலில் கிடைப்பதில் பாதிதான். விடியற்காலையும் ஈரமானதுதான், ஆனால் தரை குளிர்ந்திருக்கும், வெயிலும் இருக்காது. நடக்க அதுவே நல்ல நேரம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. நிழல், காற்றோட்டம், தண்ணீர். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் நாயைக் கட்டிவைப்பவர்கள் ஒரு மத்தியானம் அதற்குள் உட்கார்ந்து பார்க்கட்டும். துணி துவைக்கும் கல்லடியில் நாய் மண்ணைப் பறித்துக் குழி தோண்டினால் திட்டாதீர்கள். முடி குறைந்த வயிற்றை ஈர மண்ணில் அழுத்தி சூட்டை இறக்குகிறது. இரைப்பில் போவது ஏறக்குறைய வெறும் நீர், நம் வியர்வைபோல் உப்பு அதிகம் போவதில்லை. உப்பு மோரெல்லாம் தேவையில்லை. பழைய சோறு கொடுப்பவர்கள் சின்ன வெங்காயத்தை எடுத்துவிடுங்கள். நமக்குக் குளிர்ச்சி என்கிறோம். நாய்க்கு வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சு.

கார்ப் பயணத்தில் ஏசி ஓடிக்கொண்டிருந்தால் வெப்பக் கவலை இல்லை. அப்போதும் இரைத்தால் பயமாகவோ குமட்டலாகவோ இருக்கலாம். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே உணவை முடித்துவிடுங்கள். தண்ணீரை மறுத்த காரணமும் அந்தப் பயமாகவோ குமட்டலாகவோ இருக்கலாம். வண்டி நின்றதும் மறுபடி வைத்துப் பாருங்கள். பின்னிருக்கையில் மார்புப்பட்டையோடு இணைத்துவிட்டால் திடீர் பிரேக்கிலும் விழாது.

உண்மையான ஆபத்து நெடுஞ்சாலை உணவகத்தின் வாசலில் இருக்கிறது. “பத்து நிமிடத்தில் சாப்பிட்டு வந்துவிடலாம், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறோமே.” கலிபோர்னியாவில் வெயில் நாள்களில் நிறுத்திவைத்த காரை அளந்து 2005-ல் வெளியிட்டார்கள். வெளியே வெப்பம் எவ்வளவாக இருந்தாலும் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியை ஓர் இடுக்கு அளவுக்குத் திறந்து வைத்ததால் குறிப்பிடும்படியான பலன் இல்லை. வெளியே 30 டிகிரி என்றால் அரை மணியில் உள்ளே 48-ஐ நெருங்கும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 38-லிருந்து 39 சொச்சம். அதற்குமேல் சுற்றுப்புறம் போய்விட்டால் தோல் வழியாக வெப்பம் வெளியேறுவதற்குப் பதில் உள்ளே ஏறும். மிஞ்சியிருப்பது இரைப்பு ஒன்றுதான். அதுவும் நாய் விடும் ஈர மூச்சே அந்தச் சின்ன அறையை நிறைப்பதால் நிமிடத்துக்கு நிமிடம் பயனற்றுப் போகிறது. ஒருவர் சாப்பிடும்போது ஒருவர் நாயோடு வெளியே மரத்தடியில் நிற்க வேண்டும். வேறு வழி எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஈறு அடர்சிவப்பாகும், எச்சில் பசைபோல் கெட்டியாகும், கால் தள்ளாடும், வாந்தி வரும். அப்போது மருத்துவரைத் தேடி ஓடுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்குங்கள்: உடம்பெங்கும் தண்ணீரை ஊற்றி, விசிறி அல்லது ஏசிக் காற்றை நேரே படச் செய்து, அப்படியே அழைத்துச் செல்லுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு மறந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் துண்டே சூடேறி, காற்றையும் மறைத்துவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பணிநாய் மையத்தில், ஓடிச் சூடேறிய நாய்களை வாளித் தண்ணீருக்குள் தாமாகவே முகத்தை முக்கி எடுக்கப் பழக்கி, கழுத்தில் பனிப்பை, ஈரத் துண்டு முதலிய முறைகளோடு ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்டார்கள். தலையை முக்கிய நாய்களே மிக வேகமாகக் குளிர்ந்தன. மூக்கின் மகிமையைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் இது தெம்பாக நிற்கும் நாய்க்கான வழி. தள்ளாடும் நாயின் தலையை யாரும் தண்ணீருக்குள் அழுத்திவிடக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

மூக்கே இல்லாத நாயை என்ன செய்வது? 2000-களின் தொடக்கத்தில் ஒரு கைப்பேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னால் ஓடிய பக் நாயைப் பார்த்து ஊரே அதை வாங்கியது. முகம் தட்டையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்ததில் எலும்பு குறுகிவிட்டது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. சுருள்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, மேலண்ணம் நீண்டு தொண்டையை மறைக்கிறது, நாசித் துளை கீறலாகச் சுருங்கிவிட்டது. அந்தக் ‘குறட்டை’ செல்லம் அல்ல, மூச்சுத் திணறல். பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுப்பது இதனால்தான்.

மறுபுறம் சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் ஊர் வேட்டை நாய்கள். நீண்ட மூஞ்சி, ஒட்டிய முடி, மெலிந்த உடம்பு. கரிசல் காட்டு வெயிலில் முயல் விரட்டிய உடல்வாகு. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமைப்பட்டோம். பெருமை போதும், அளவு வேண்டும் என்பது என் கட்சி. ஒரு சிப்பிப்பாறையின் மூக்கிலும் வாயிலும் காற்றை அளக்கும் கருவி பொருத்தி, நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு கோடை முழுக்கப் பதிவு செய்ய விண்கலச் செலவா ஆகிவிடும்? 1903-லேயே கால்நடை மருத்துவக் கல்லூரி கண்ட சென்னையில், நாட்டு நாய்க் கண்காட்சி மேடைக்கும் கோப்பைக்கும் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

காருக்குப் பதில் ரயில் என்று யோசிப்பவர்களுக்கு இரண்டே வழிகள். முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் அறையையோ நான்கு பேர் அறையையோ முழுவதுமாக உங்கள் பெயரில் பெற்றால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். அது ஏசி இல்லாத சின்ன இரும்பு அறை. மே மாதப் பகல் ரயிலில் அதற்குள் நாயை விடாதீர்கள். இரவு ரயிலைப் பாருங்கள், தடுப்பூசி அட்டையையும் மருத்துவர் சான்றையும் கையில் வைத்திருங்கள். வாய்க்கட்டு போட வேண்டியிருந்தால், வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம். கம்பிக் கூடை வடிவத்தில், உள்ளே வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டும் அளவுக்கு இடமுள்ளதாக வாங்குங்கள்.