பஞ்சசீலத்துக்குத் தமிழ் என்ன?

'நேருவின் வெளியுறவுக் கொள்கைக்கு அடிப்படை பஞ்சசீலம்' என்ற வரியைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாதவர்கள் குறைவு. ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்தையும் வரிசையாக எழுதிவிட்டால் ஒன்றுக்கு ஒன்று என்று முழுசாகக் கிடைத்துவிடும். நானும் அப்படி எழுதி வாங்கியவன்தான். ஆனால் அந்த வயதில் 'பஞ்ச' என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது பஞ்சம். பஞ்ச காலத்தில் நாடுகள் ஒன்றுக்கொன்று அரிசி அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று தெரியவே சில வருஷம் ஆனது. சீலம் என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ள இன்னும் பல வருஷம்.

'பஞ்ச' என்பது வடமொழியில் ஐந்து. அதை நாம் தினமும் புழங்குகிறோம். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்று ஐந்து அங்கம் கொண்டது பஞ்சாங்கம். ஐந்து பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது பஞ்சாயத்து. இதில் சிக்கல் எதுவும் இல்லை.

சீலம்தான் நின்று பார்க்க வேண்டிய சொல். வடமொழியில் அதற்கு இயல்பு, வழக்கம், நடத்தை என்று பொருள். முதலில் வெறும் பழக்கம், அப்புறம் நல்ல பழக்கம், அதற்கும் அப்புறம் நல்லொழுக்கம் என்று பொருள் உயர்ந்துகொண்டே போனது. தானசீலன் என்றால் எப்போதோ ஒருமுறை கொடுத்தவன் அல்ல; கொடுப்பதே வழக்கமாகிப் போனவன். குணசீலன் என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் அந்தப் பொருளில்தான். ஆக, சீலம் என்பது கையெழுத்துப் போட்ட அன்றைக்கு வந்துவிடுகிற விஷயம் இல்லை. செய்து செய்து ஊறிப்போவது.

பஞ்சசீலம் என்ற கூட்டுச்சொல்லுக்குப் பிறந்த வீடு பௌத்தம். கொல்லாமை, திருடாமை, முறைதவறிய காமத்தில் ஈடுபடாமை, பொய் பேசாமை, மயக்கும் பொருள்களைத் தொடாமை. இந்த ஐந்தும் துறவிகளுக்கு மட்டும் உரியவை அல்ல, இல்லறத்தாருக்கும் உண்டு. பாலி மொழியில் ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்கும்போது 'சமாதியாமி' என்று வரும். 'நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று பொருள். தன்மை, ஒருமை. இந்த இலக்கணக் குறிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இலங்கையில் சிங்கள பௌத்தர்கள் இதையே 'பன்சில்' என்கிறார்கள்.

தமிழுக்கும் இது நேரு காலத்தில் வந்த சரக்கு அல்ல. மணிமேகலையின் இரண்டாவது காதையில், கோவலன் மாண்ட பிறகு பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் போய் அழுததை மாதவி சொல்கிறாள். துன்பம் எங்கிருந்து வருகிறது என்று அவர் விளக்கினாராம். அதோடு 'ஐவகைச் சீலத்து அமைதியும் காட்டி' உய்யும் வழி சொன்னாராம். 'ஐவகைச் சீலம்'. பஞ்சவை விட்டுவிட்டு ஐவகையைப் போட்டிருக்கிறார் மணிமேகலை எழுதிய சாத்தனார். சீலத்தை அப்படியே வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பில் எதை மாற்றுவது, எதை விடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

சரி, மடத்தில் இருந்த சொல் அரசியலுக்கு எப்படி வந்தது? இந்தோனேசியா வழியாக. 1945 ஜூன் 1 அன்று, ஜப்பானியர் இன்னும் வெளியேறாத நிலையில், சுதந்திர நாட்டுக்கு அடிப்படையாக ஐந்து கருத்துகளை முன்வைத்து அந்நாட்டு விடுதலைத் தலைவர் சுகர்ணோ ஓர் உரை ஆற்றினார். அவற்றுக்கு ஒரு பெயர் வேண்டும். 'பஞ்ச தர்மம்' பொருந்தாது, மொழி அறிந்த நண்பர் ஒருவர் காட்டியபடி 'பஞ்சசீல' என்று வைக்கிறேன் என்றார். 'சீல' என்றால் அடிப்படை என்று அங்கேயே விளக்கமும் கொடுத்தார். கவனியுங்கள், ஒழுக்கம் இங்கே அஸ்திவாரமாக மாறிவிட்டது. இறை நம்பிக்கை, மனிதநேயம், நாட்டு ஒற்றுமை, கலந்துபேசி நடக்கும் மக்களாட்சி, சமூக நீதி என்று பிறகு அரசியல் சட்டத்தில் ஏறிய அந்த ஐந்தும் ஒரு நாடு தனக்குள் வைத்துக்கொண்டவை. அடுத்த நாட்டோடு எப்படிப் பழகுவது என்ற பேச்சே அதில் கிடையாது.

நம் பாடப்புத்தகப் பஞ்சசீலம் பிறந்தது 1954இல். அப்போது நேரு பிரதமர் மட்டும் அல்ல, வெளியுறவுத் துறையையும் தன் கையிலேயே வைத்திருந்தார். திபெத்துக்குள் சீனப் படை வந்துவிட்டது. அங்கே பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன சில உரிமைகள் இந்தியாவிடம் இருந்தன. இவற்றை என்ன செய்வது என்று பேச, 1953 டிசம்பர் கடைசியில் பீகிங்கில் இரு தரப்பும் உட்கார்ந்தன. இந்தியக் குழுவிடம் சீனப் பிரதமர் சூ என்லாய் ஐந்து கோட்பாடுகளைச் சொன்னது டிசம்பர் 31 அன்று. நான்கு மாதம் பேசி, 1954 ஏப்ரல் 29 அன்று கையெழுத்தானது. இந்தியத் தரப்பில் தூதர் ராகவன், சீனத் தரப்பில் துணை வெளியுறவு அமைச்சர் சாங் ஹான்ஃபூ.

உடன்படிக்கையின் பெயர் என்ன தெரியுமா? 'சீனாவின் திபெத் பகுதிக்கும் இந்தியாவுக்கும் இடையிலான வணிகம், போக்குவரத்து குறித்த உடன்படிக்கை'. உள்ளேயும், கூடவே பரிமாறிக்கொண்ட கடிதங்களிலும் இருப்பது அதுதான். திபெத்தில் யாதுங், கியான்ட்சே என்ற இரண்டு இடங்களில் இருந்த இந்தியக் காவல்படையை 6 மாதத்தில் திரும்பப் பெறுவது, தபால் தந்தி நிலையங்களையும் 12 ஓய்வு விடுதிகளையும் ஒப்படைப்பது, சந்தைகள் எங்கெங்கே, கைலாயம் போகிறவர்கள் எந்த வழியில் போகலாம் என்பது போன்ற சங்கதிகள். எல்லைத் தகராறைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தப் புகழ்பெற்ற ஐந்தும் முன்னுரையில் மட்டும் வருகின்றன: ஒருவர் மற்றவரின் நில ஒருமைப்பாட்டையும் இறையாண்மையையும் மதித்தல், ஒருவரை ஒருவர் தாக்காதிருத்தல், ஒருவர் உள்விவகாரத்தில் மற்றவர் தலையிடாதிருத்தல், சமத்துவமும் இருவருக்கும் நன்மையும், சமாதான சகவாழ்வு. பஞ்சசீலம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. சீனர்கள் பொதுவாக அதைச் சொல்வதும் இல்லை. அவர்களுக்கு அது 'சமாதான சகவாழ்வின் ஐந்து கோட்பாடுகள்'தான்.

அப்படியானால் பெயர் சூட்டியது யார்? அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தோனேசியப் பிரதமர் அலி சஸ்த்ரோஅமிஜோயோ தில்லி வந்தபோது நடந்த விருந்தில் 'பஞ்சசீல' என்ற சொல் காதில் விழ, நேரு அதைப் பிடித்துக்கொண்டார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதி இடிக்கிறது. ஆகஸ்ட் 26 அன்றே மாநிலங்களவையில் இந்தச் சொல்லை வைத்து நேருவை ஒருவர் வறுத்து எடுத்திருக்கிறார். அவர் அம்பேத்கர். பிரதமர் இந்தப் பஞ்சசீலத்தை நிஜமென்று எடுத்துக்கொண்டிருப்பது தனக்கு வியப்பாக இருக்கிறது என்றார். பஞ்சசீலம் பௌத்த மதத்தின் உயிர்நாடி; மாவோவுக்கு அதில் துளி நம்பிக்கை இருந்தால் தன் நாட்டுப் பௌத்தர்களை வேறு விதமாக அல்லவா நடத்துவார் என்று கேட்டார். அரசியலில் பஞ்சசீலத்துக்கு இடமில்லை என்றும் சொன்னார். ஆக, விருந்துக்கு முன்பே சொல் தில்லியில் உலவிக்கொண்டிருந்தது. விருந்து அதற்கு ஒரு மாலை போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அதே அம்பேத்கர், தன் பின்னால் வந்த லட்சக்கணக்கானவர்களோடு, அசல் பஞ்சசீலத்தை ஏற்றார். சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே மனிதர் வாழ்க்கையில் இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிவது அபூர்வம்.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கிருபளானி இன்னும் காரமாக, இது பாவத்தில் பிறந்த கொள்கை, ஒரு பழைய நாட்டின் அழிவுக்கு நாம் குத்திய முத்திரை என்று மக்களவையில் சொன்னார். அவர் சொன்னது திபெத்தை. அரசு அசரவில்லை. தில்லியில் தூதரகங்கள் இருக்கும் பகுதிக்குச் சாணக்கியபுரி என்று பெயர். அதற்குள்ளேயே ஒரு சாலைக்குப் பஞ்சசீலத்தின் பெயர். சாம தான பேத தண்டம் சொன்னவர் பேட்டைக்குள் பஞ்சசீலம். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த 'சமாதியாமி'க்கு வருவோம். பௌத்தன் 'நான் கொல்ல மாட்டேன்' என்கிறான். 'நீ கொல்லாதவரை நானும் கொல்ல மாட்டேன்' என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் திருடினாலும் இவன் சீலம் இவனோடு. 1954 வாசகத்திலோ ஐந்தில் நான்கு இடத்தில் 'பரஸ்பரம்' உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாவதான சகவாழ்வில் அந்தச் சொல் இல்லை. தேவையும் இல்லை, தனியாக யாரும் சகவாழ்வு வாழ முடியாதே. பரஸ்பரம் சேர்ந்த கணமே அது சீலம் இல்லை, உடன்பாடு. ஒருவர் மீறினால் மற்றவருக்கும் கட்டு அவிழ்ந்துவிடும். பெயர் தவத்திலிருந்து வந்தது, சரக்கு கொடுக்கல் வாங்கலிலிருந்து வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1996இல் வெளியுறவு அமைச்சராக இருந்து, மறு ஆண்டு பிரதமரான ஐ.கே. குஜ்ரால் அண்டை நாடுகளுக்கென்று ஒரு கோட்பாடு வைத்தார். அதிலும் ஐந்து அம்சம்தான். ஆனால் முதல் அம்சம் என்ன? நேபாளம், வங்கதேசம், பூட்டான், மாலத்தீவு, இலங்கை ஆகிய நாடுகளிடம் இந்தியா பதிலுக்குப் பதில் கேட்காது, நல்லெண்ணத்தோடு தன்னால் ஆனதைச் செய்யும். பரஸ்பரத்தைக் கழற்றிவிட்டார்! சொல்லின் பழைய பொருளுக்கு அருகில் வந்த இந்தக் கோட்பாட்டை யாரும் பஞ்சசீலம் என்று அழைக்கவில்லை. அது 'குஜ்ரால் கோட்பாடு' ஆகிவிட்டது.

இனி தமிழ். ஐம்பூதம், ஐம்புலன், ஐம்பொன் என்று பஞ்சவைத் தமிழாக்கிப் பழகிய மொழி இது. சகரம் வந்தால் ஐஞ்சிறுகாப்பியம் போல ஐஞ்- ஆகும். அந்தக் கணக்கில் 'ஐஞ்சீலம்' இலக்கணப்படி சரி, வாயில்தான் உட்காராது. 'ஐந்தொழுக்கம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒழுகு என்பதிலிருந்து வந்தது ஒழுக்கம். இடைவிடாமல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருத்தல். சீலத்தின் 'ஊறிப்போன வழக்கம்' என்ற பொருளுக்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் கிடைக்காது. கூரை ஒழுகுவதும் அதே ஒழுகுதான் என்பது வேறு விஷயம். பௌத்தத்தைப் பற்றி எழுதும்போது ஐந்தொழுக்கத்தைத் தயங்காமல் போடலாம். நாடுகளுக்கு அது ஒட்டவில்லை. ஒழுக்கம் என்றால் இன்றைக்கு ஆள் நினைவுக்கு வருகிறான், அரசு வருவதில்லை.

'பஞ்சசீலக் கொள்கை' என்பது கேட்டுக்கதவு மாதிரி. சீலத்தைக் கொள்கை என்ற பொருளில் எடுத்துக்கொண்ட பிறகு இன்னொரு கொள்கை எதற்கு? தவிர, கொள்கை என்பது ஒருவர் கொண்டது. உன் கொள்கை உனக்கு, என் கொள்கை எனக்கு.

என் ஓட்டு 'ஐந்நெறி'க்கு. நெறி என்றால் வழி. இரண்டு பேர் சேர்ந்து நடக்கக்கூடியது. இன்று அறநெறி, நன்னெறி என்று உயரத்தில் வைத்துவிட்டாலும், சங்கப் பாட்டில் அருநெறி என்றால் காலைக் கிழிக்கும் காட்டு வழி, மலை வழி. 1954 உடன்படிக்கைக்கு இந்தச் சொல் இன்னொரு விதத்திலும் பொருந்துகிறது. அதன் நான்காவது பிரிவு முழுக்க மலை வழிகளைப் பற்றியது. வணிகரும் யாத்திரிகரும் ஷிப்கி லா, மானா, நீதி, குங்ரி பிங்ரி, தர்மா, லிப்புலேக் என்ற ஆறு கணவாய்கள் வழியாகப் போய்வரலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். முன்னுரையில் ஐந்து நெறி, உள்ளே ஆறு வழி.

வரலாற்றுப் பெயராகப் பஞ்சசீலம் இருந்துவிட்டுப் போகட்டும், அதை இனி மாற்ற முடியாது. பொருள் சொல்லும் இடத்தில் ஐந்நெறி என்று எழுதலாம். ஆனால் 'பஞ்சசீல ஒப்பந்தம் 1962இல் முறிந்தது' என்று எழுதுவது மட்டும் வேண்டாம். முறிந்ததாகச் சொல்லப்படும் அது திபெத் வணிக உடன்படிக்கை. அதற்கு ஆயுள் 8 வருஷம்தான். புதுப்பிப்பார் இல்லாமல் 1962 ஜூனில் தானாகக் காலாவதி ஆனது. போர் தொடங்கியது அக்டோபர் 20 அன்று. ஐந்நெறியோ அதற்குப் பிறகும் காகிதத்தில் உயிரோடு இருந்தது. நரசிம்ம ராவ் காலத்தில், 1993இல் செய்துகொண்ட எல்லை அமைதி உடன்பாட்டிலும் அதே ஐந்தும் மறுபடி தலைகாட்டின. கணவாய்கள் மூடிக் கிடந்தன. 1981இல் கைலாய யாத்திரிகர்கள் மீண்டும் திபெத்துக்குள் போனது, அந்தப் பட்டியலில் ஆறாவதாக இருந்த லிப்புலேக் வழியாக.