சான்சல்: கிராதியில் பிறந்த சொல்

இங்கிலாந்தின் இடைக்கால ஊர்த் தேவாலயங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் முதல் பக்கத்திலேயே எதிர்கொள்ளும் சொற்கள் நேவ், சான்சல் ஆகிய இரண்டும். மேற்கே மக்கள் நின்று வழிபட்ட நீண்ட கூடம் நேவ். அதற்குக் கிழக்கே பலிபீடம் அமைந்த, குருமாருக்கு உரிய பகுதி சான்சல். தமிழில் நேவை ‘நடுக்கூடம்’ என்று எழுதிவிடலாம், பொருள் கெடாது. சான்சலுக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது ‘கருவறை’. ஆனால் அச்சொல்லைப் போட்டதும் பொருள் வேறு திசையில் போய்விடுகிறது.

‘கான்செல்லி’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குறுக்கும் நெடுக்குமான சட்டங்களாலான தடுப்பு என்று பொருள். மக்கள் பகுதியையும் பீடப் பகுதியையும் பிரித்த அத்தடுப்பின் பெயரே நாளடைவில் அதற்கு அப்பால் இருந்த இடத்துக்கு ஆகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உரோம நீதிமன்றத்தில் இத்தகைய தடுப்பருகே நின்ற பணியாளர் ‘கான்செல்லாரியுஸ்’ எனப்பட்டார். பல்கலைக்கழக வேந்தரைக் குறிக்கும் சான்சலர் என்ற பதவிப் பெயர் அந்த வாயிற்காவலரிடமிருந்து வந்ததுதான். எழுதியதன் மேல் கிராதி போலக் குறுக்குக் கோடுகள் இழுத்து அடிப்பதிலிருந்து ‘கேன்சல்’ பிறந்தது. தமிழிலும் கம்பித் தடுப்புக்கு ‘அழி’ என்றொரு பெயர் உண்டு, அழிக்கதவு என்கிறோம். இது தற்செயல் ஒற்றுமைதான் என்றாலும் சுவையானது. கிராதி என்பதோ போர்ச்சுக்கீசியர் வழி வந்த சொல்.

கட்டடத்தில் இந்தப் பிரிவினை எப்படித் தெரியும் என்பதற்கு ஹியர்போர்டுஷயரில் ஏறத்தாழ 1140-இல் செம்மணற்கல்லால் எழுப்பப்பட்ட கில்பெக் தேவாலயம் நல்ல எடுத்துக்காட்டு. நடுக்கூடம், அதனினும் குறுகிய சான்சல், அதன் முடிவில் நம் தூங்கானை மாடத்தின் பின்புறம் போல வளைந்த அரைவட்டப் பகுதி என மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. நடுக்கூடத்திலிருந்து சான்சலுக்குள் நுழையும் வளைவின் இருபுறத் தூண்களிலும், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக மும்மூன்று உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெளியே கூரை விளிம்பைத் தாங்கும் கற்களில் முயலும் வேட்டை நாயும் அருகருகே விழித்துக்கொண்டிருக்க, உள்ளே எல்லையில் நிற்பவர்கள் ஆடையின் மடிப்புகூடக் குலையாத புனிதர்கள்.

இந்த எல்லை செலவுக் கணக்கிலும் இருந்தது. இடைக்கால வழக்கப்படி நடுக்கூடத்தைப் பழுதுபார்ப்பது ஊர்மக்கள் பொறுப்பு, சான்சலைப் பழுதுபார்ப்பது ரெக்டரின், அதாவது ஊர் விளைச்சலில் பத்திலொரு பங்கைத் தசமபாகமாகப் பெற்ற தேவாலய உரிமையாளரின் பொறுப்பு. ஒரே தேவாலயத்தில் இரண்டு பகுதிகளும் வெவ்வேறு காலத்து வேலைப்பாட்டுடன் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல ஊர்களில் ரெக்டர் என்பது தனிமனிதராக இல்லாமல் ஒரு மடமாகவே இருந்தது. எட்டாம் ஹென்றி 1536 முதல் மடங்களைக் கலைத்தபோது அவற்றின் நிலமும் உரிமைகளும் குருமார் அல்லாத தனியார் கைக்கு மாறின. சான்சலைப் பழுதுபார்க்கும் கடமையும் கூடவே போயிற்று. வாரிக்ஷயரின் ஆஸ்டன் கேன்ட்லோ என்னும் ஊரில் அப்படியொரு நிலத்தை வைத்திருந்தவர்கள் பழுதுச் செலவை ஏற்க வேண்டும் என்று 2003-இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இதற்கிடையே 1561-இல் முதலாம் எலிசபெத்தின் ஆணை, தடுப்பின் மேலிருந்த சிலுவை மாடங்களை இறக்கச் சொன்னதே தவிர, தடுப்பை நீக்கச் சொல்லவில்லை.

ஆகவே தமிழ்ச் சொல்லில் பிரிவு என்ற பொருள் இருந்தாக வேண்டும். ‘கருவறை’ இறைவனின் திருமேனி உறையும் இடத்தைச் சுட்டுவது. பாடகர் இருக்கைகளும் அமைந்த சான்சலுக்கு அது பொருந்தாது. ‘தூயகம்’ பீடத்தைச் சுற்றிய உள்ளிடத்துக்கே சரி. சொற்பொருளை அப்படியே பெயர்த்து ‘அழியகம்’ என்றாலோ இடிந்த கட்டடம் நினைவுக்கு வரும். பழைய வீடுகளில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று நாம் பிரித்தபோது, யார் எதுவரை வரலாம் என்பதும் அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. அந்தக் ‘கட்டு’ இங்கே கச்சிதமாக உட்காரும் என்பதால் ‘பீடக்கட்டு’ என்பதே என் தேர்வு: கில்பெக்கின் நடுக்கூடத்துக்குக் கிழக்கே, புனிதர் வளைவைக் கடந்தால் பீடக்கட்டு.