ஒட்டிப் பிறந்த விரலுக்கும் கிரகணத்துக்கும் என்ன சம்பந்தம்?

2026 ஜனவரியில், பிறந்து பத்து நாளான ஆண் குழந்தையோடு ஒரு குடும்பம் காரைக்குடியில் என் கிளினிக்குக்கு வந்தது. குழந்தையின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனி வரை தோலால் ஒட்டியிருந்தன. மற்றபடி பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான், எடையும் சரி. தாய் மட்டும் தலை நிமிரவே இல்லை. அந்தக் கையைத் துணியால் மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தார்.

“வெளிய வராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் டாக்டர். கிரகணத்தன்னைக்கு முத்தத்துல நின்னு, கையைக் கோத்துக்கிட்டு நிலாவையே பாத்துக்கிட்டு இருந்தா” என்றார் குழந்தையின் அப்பத்தா.

அவர் சொன்னது 2025 செப்டம்பர் 7 இரவு வந்த முழுச் சந்திர கிரகணத்தை. மேசையில் இருந்த காலண்டரை எடுத்து அவர்கள் முன்னாலேயே எண்ணினேன். கரு உருவானது ஏப்ரல் நடுவில். கை விரல்கள் பிரிவது ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள், அதாவது மே கடைசிக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில். அந்த இரண்டு மாதங்களில் உலகத்தில் எங்கேயும் கிரகணமே கிடையாது. செப்டம்பரில் அந்தப் பெண் முற்றத்தில் நின்றபோது, பிள்ளையின் விரல்கள் ஒட்டியது ஒட்டியபடி, பிரிந்தது பிரிந்தபடி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

சரி, விரல் எப்படித்தான் பிரிகிறது? ஆரம்பத்தில் கருவின் கை தோசைக்கரண்டி மாதிரி ஒரே தட்டையாக இருக்கும். அதற்குள் ஐந்து குருத்தெலும்புக் கோடுகள் உருவாகும். கோடுகளுக்கு நடுவில் உள்ள செல்களுக்கு ‘நீ போகலாம்’ என்று சில புரதங்கள் வழியாகச் செய்தி போகும். உடனே செல்லுக்குள் காஸ்பேஸ் என்ற நொதிகள் விழித்துக்கொண்டு, அந்தச் செல்லை உள்ளிருந்தே துண்டு துண்டாக வெட்டும். துண்டுகளைத் துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும். வீக்கமில்லை, சீழில்லை. 1972இல் கெர், வைலி, கரி என்ற மூவர் இந்த இறப்புக்கு அபோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. மண்ணில் வாழும் ஒரு சிறு உருளைப்புழு வகையில் 1090 செல்கள் உருவாகி, அவற்றில் சரியாக 131 செல்கள் இப்படிச் சாகும். எந்தச் செல் எப்போது சாகும் என்பதுகூட முன்பே தீர்மானமானது. அந்தப் புழுவில் நடந்த ஆய்வுகளுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தையின் தாத்தா மரச் சிற்ப வேலை செய்கிற ஆசாரி. அதுவரை பேசாமல் இருந்தவர், “நிலைக்கதவுல கொடி செதுக்குறப்ப ரெண்டு இலைக்கும் நடுவுல உள்ள மரத்தை எடுத்தாத்தானே இலை தெரியும்” என்றார். அதேதான். இங்கே உளி மட்டும் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. இவனுக்கு அந்த ஓர் இடைவெளியில் அது முழுதாக வேலை செய்யாமல் போயிருக்கலாம்.

பூட்டிக் கிடக்கும் நம் பெரிய வீடுகளில் வவ்வால் தொங்குமே, அதன் இறக்கை விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வுதான். அங்கே செல்கள் சாகாததால்தான் சவ்வு தங்குகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். 2025இல் வந்த ஓர் ஆய்வு, வவ்வால் கருவிலும் விரல்களுக்கு நடுவில் செல்கள் சாகின்றன என்று காட்டியது. ஆனால் வேறொரு வகைச் செல்கள் அங்கே சவ்வைக் கட்டுகின்றன. அவற்றில் வேலை செய்யும் இரண்டு மரபணுக்களை எலிக் கருவின் காலில் இயங்க வைத்தபோது அதன் விரல்கள் ஒட்டிக்கொண்டன. எனக்கு இது பெரிய செய்தி. விரல் ஒட்டுவதற்குச் செல் சாகாதது ஒன்றே காரணம் என்று இனி சொல்லிவிட முடியாது.

ஏறக்குறைய இரண்டாயிரம், மூவாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி விரல் ஒட்டிப் பிறக்கிறது. நூலை இறுக்கிக் கட்டினால் அறுந்துவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். புண்ணாகிச் சீழ் பிடிக்கும், தழும்பு இழுத்து விரல் கோணிக்கொள்ளும். இன்னொன்று, நடுவில் வெட்டினால் மட்டும் போதாது. உங்கள் இரண்டு விரல்களைச் சேர்த்து ஒரு துணியைச் சரியாகச் சுற்றுங்கள். பிறகு அதே துணியால் விரல்களைத் தனித்தனியாகச் சுற்றிப் பாருங்கள், பற்றாது. தோலும் அப்படித்தான். அதனால் வளைந்து வளைந்து வெட்டி, பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். இதைப் பொதுவாக ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்வார்கள். கட்டைவிரலோ சுண்டுவிரலோ ஒட்டியிருந்தால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது, பக்கத்து விரல் வளைந்துவிடும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

முதலில் நான் பார்ப்பது கையை மட்டுமல்ல. மார்புத் தசை இருபக்கமும் சமமாக இருக்கிறதா, தலை வடிவம் சரியா, கால் விரல்கள் எப்படி என்று எல்லாம் பார்ப்பேன். சிலருக்கு இது வேறு குறைபாட்டின் ஒரு பகுதியாக இருக்கும். இவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார் அப்பத்தா, சட்டென்று. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்த தாத்தா தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு கால்களிலும் பெருவிரலுக்கு அடுத்த இரண்டு விரல்கள் பாதி வரை ஒட்டியிருந்தன.

“எங்க ஐயாவுக்கும் இப்படித்தான்” என்றார். இது சில குடும்பங்களில் தலைமுறையாக வரும், ஒருவருக்குக் காலில், ஒருவருக்குக் கையில், நடுவில் ஒருவருக்குத் தெரியாமலேகூட என்று விளக்கினேன். இதில் அவர் பிழையும் ஒன்றுமில்லை என்றும் சொன்னேன். அப்பத்தா கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளிடம், “கையை மூடாத, புழுங்குது பாரு” என்று துணியை எடுத்தார்.